அடிக்குமுன் ஒரு கணம்! வீட்டைச் சுற்றி வாழும் நஞ்சற்ற பாம்புகள்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, ஏழாயிரம்பண்ணையில் உள்ள என் தமக்கையின் வீட்டில் இஷாத் தொழுகையை முடித்துவிட்டுச் சாப்பிட அமர்ந்திருந்தோம். கூடத்தின் ஒரு மூலையில், பட்டாசு ஆபீஸுக்காகச் சுருட்டி வைத்திருந்த காகிதக் குழாய்கள் சாக்குகளில் அடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பகுதியில் தொழிற்சாலையை எவரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். சாக்குகளுக்கு மேலே, சுவரில் ஒட்டியிருந்த பல்லியொன்று திடீரென்று கீழே விழுந்து ஓடியது. அதன் பின்னாலேயே, ஒரு முழத்திற்குச் சற்று அதிகமான நீளமுள்ள பாம்பு ஒன்று சுவரோடு ஒட்டியபடி இறங்கி வந்தது. உடலெங்கும் குறுக்குக் கோடுகள்!

"கட்டுவிரியன்!" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றபடியே கூவினார். என் மருமகன் கம்பை எடுத்தான். நான் எழுந்து வாய் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

செத்த பாம்பை ஒரு பழைய செய்தித்தாளில் கிடத்தி விளக்கொளியில் பார்த்தோம். உடல் பழுப்பு நிறம். கழுத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை. அதற்கடுத்து வந்த பட்டைகள் முன்பகுதியில் அகலமாகவும், வாலை நெருங்க நெருங்க மங்கியும், கடைசியில் இல்லாமலே போயும் இருந்தன. பல்லியைத் தேடி வந்த நஞ்சற்ற பாம்பு அது. கட்டுவிரியன் அன்று.

இதைச் சொன்னவுடன் என் மருமகன் கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. "அப்போ கோடு போட்ட பாம்பெல்லாம் ஒண்ணும் செய்யாதா மாமா?" என்றான். நல்லதொரு பாம்பு அநியாயமாகச் செத்ததற்கு வருந்திக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. அரைகுறை அறிவு, அறியாமையைக் காட்டிலும் கேடு விளைவிக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நஞ்சற்ற பாம்பைக் கட்டுவிரியன் என்று எண்ணினால் ஒரு பாம்பு சாகும். கட்டுவிரியனை நஞ்சற்றது என்று எண்ணினால் ஒரு குடும்பம் அழும்.

கரிசல் பூமியும் பாம்புகளும்

ஏழாயிரம்பண்ணையை அறியாத வாசகர்களுக்குச் சில சொற்கள். 1799ஆம் ஆண்டுப் போரில் கட்டபொம்மன் பக்கம் நின்ற பாளையங்களுள் இதுவும் ஒன்று. இன்று விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியையும் சாத்தூரையும் சுற்றியுள்ள பட்டாசு வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். கரிசல் மண், மழையை நம்பிய விவசாயம், கண்மாய்கள், எங்கு நோக்கினும் சீமைக் கருவேல மரங்கள். ஊருக்கு வெளியே பொட்டல் வெளியில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும் சின்னஞ்சிறு அறைகள். அவையே பட்டாசு ஆபீஸ்கள்.

கோடையில் கரிசல் வெடிக்கும்போது அந்த வெடிப்புகளில் எலியும் தவளையும் பாம்பும் ஒதுங்கிக் கிடக்கும். மழை பெய்து வெடிப்புகள் மூடிக்கொண்டால் அவை மேடான இடம் தேடி வெளியே வரும். அந்த மேடு பல நேரங்களில் நம் வீட்டுத் திண்ணையாக இருந்துவிடுகிறது. தானியம் இருக்கும் வீட்டிற்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். காகிதக் கட்டுகளும் அட்டைகளும் விறகும் குவிந்து கிடக்கும் வீட்டில் பல்லியும் கரப்பானும் பெருகும். அவற்றைத் தேடி வேறு வகைப் பாம்பு வரும். நம்மைத் தேடி எந்தப் பாம்பும் வருவதில்லை. பாம்பு பழிவாங்கும் என்பதெல்லாம் திரைப்படத்தில் சொன்ன கதை.

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உள்ளன. அவற்றுள் மனித உயிரைப் பெருமளவில் பறிப்பவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் வீட்டைச் சுற்றிக் கண்ணில் படும் ஏனைய பாம்புகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை, அல்லது மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவுக்கு மென்மையான நஞ்சு உடையவை. ஆனால் அந்த நான்கையும் சரியாக அறியாதவர் மற்றவற்றை அறிந்து பயனில்லை. ஆகவே ஒவ்வொரு நஞ்சற்ற பாம்பையும் அதைப்போலத் தோன்றும் நச்சுப் பாம்போடு சேர்த்தே பார்ப்போம்.

கட்டுவிரியனும் அதன் போலியும்

என் தமக்கை வீட்டில் செத்ததை நூல்களில் வெள்ளிக்கோல் வரையன் என்று எழுதுகிறார்கள். ஓநாய்ப் பாம்பு என்றும் சிலர் சொல்வர். எங்கள் பக்கத்தில் அதற்கெனத் தனிப்பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. பாவம், கட்டுவிரியன் என்ற பெயரிலேயே அது அடிபட்டுச் சாகிறது!

இவ்விரண்டையும் பிரித்தறிவதே வீட்டுப் பாம்புகளைப் பற்றிய கல்வியில் முதல் பாடம். முதலில் பட்டைகள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்திலேயே தொடங்கும். முன்பகுதியில் அகலமாயும் தெளிவாயும் இருந்து, பின்னால் போகப்போக மங்கும். கட்டுவிரியனில் இதற்கு நேர் எதிர். வளர்ந்த கட்டுவிரியனின் தலைக்குப் பின்னால் சிறிது தூரத்திற்குக் கோடுகள் இரா, அல்லது மங்கலாக இருக்கும். உடலின் நடுவிலிருந்து வால் வரை தெளிவாக இருக்கும். அந்தக் கோடுகள் மெல்லியவை, வெண்மையானவை. பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்து காணப்படும்.

அடுத்து நிறம். கட்டுவிரியன் எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும் கருமை அல்லது நீலங்கலந்த கருமை. மற்றது பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பழுப்பு. பட்டையின் வடிவத்திலும் வேற்றுமை உண்டு. வெள்ளிக்கோல் வரையனின் பட்டை முதுகில் குறுகி, விலாப்பக்கம் இறங்கும்போது விரிந்து கிளைக்கும். கட்டுவிரியனின் முதுகுத்தண்டின் மேல் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரியனவாக, அறுகோண வடிவில் இருக்கும். இது மிக உறுதியான அடையாளம்தான். எனினும் செதிலை எண்ணும் அளவுக்கு உயிருள்ள பாம்பின் அருகே எவரும் போக வேண்டாம்! கைப்பேசியில் தூரத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கோல் வரையன் செங்குத்தான சுவரில் ஏறுவதில் கைதேர்ந்தது. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் ஊர்வது. ஆனால் சுவரில் இருந்தாலே நஞ்சற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஓட்டு இடுக்கிலிருந்தும் கட்டுவிரியன் விழுந்ததுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் குட்டிகளுக்குத் தலையருகிலிருந்தே கோடுகள் இருக்கக்கூடும். கோடே இல்லாத கரிய கட்டுவிரியனும் அரிதாக உண்டு. ஆகவே என் மருமகனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: கோடு போட்ட பாம்பு எதுவாயினும், ஐயத்திற்கு இடமின்றித் தெரியும்வரை அது கட்டுவிரியன்தான்.

ஏன் இத்தனை எச்சரிக்கை? கட்டுவிரியன் இரவில் இயங்குவது. தரையில் பாய் விரித்து உறங்குவோரின் அருகே எலியையோ வேறு பாம்பையோ தேடி வருகிறது. உறக்கத்தில் புரண்டு படுப்பவரின் கை பட்டுவிட்டால் கடிக்கிறது. அந்தக் கடியில் வலி மிகக் குறைவு, வீக்கமும் இராது, சில வேளைகளில் பல் பதிந்த தடம்கூடத் தெரியாது. கொசு கடித்ததோ எறும்பு கடித்ததோ என்று எண்ணி மறுபடியும் உறங்கிவிடுவார். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பின் இமைகள் தாமாகச் சரியும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க இயலாது, இறுதியில் மூச்சுவிடும் தசைகள் செயலிழக்கும். இரவில் தரையில் படுத்தவர் காரணமின்றி விடியலில் வயிற்றுவலி என்று சொன்னால், இமை சரிகிறதா என்று பாருங்கள். அஜீரணம் என்று கஷாயம் காய்ச்சிக் கொண்டிருக்க வேண்டாம்.

இதற்கு மிக எளிய காப்பு கொசுவலைதான். வலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும். நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் நடத்தப்பட்டு 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, கொசுவலைக்குள் உறங்குவோருக்குப் பாம்புக்கடி பெருமளவு குறைவதைக் காட்டியது. கட்டில் வாங்க வசதியில்லாத வீட்டிலும் வலை வாங்க முடியும்.

சாரை: உழவனின் கூலியில்லா வேலையாள்

ஆறடிக்கு மேல் வளர்ந்து, மஞ்சளாகவோ பழுப்பாகவோ கருமையாகவோ இருந்து, பட்டப்பகலில் வேகமாக ஓடி வேலியில் மறையும் பாம்பு சாரை. இதை நல்ல பாம்பு என்று எண்ணி அடிப்பவர்கள் ஏராளம். நல்ல பாம்பு படம் எடுத்தால் குழப்பமில்லை. எடுக்காமல் ஊர்ந்து போகும்போதுதான் தொல்லை. சாரையின் கண் பெரியது. தலைக்குப் பின் கழுத்து ஒடுங்கித் தெளிவாகத் தெரியும். உதட்டுச் செதில்களின் ஓரங்களில் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடுகள் நிற்கும். உடலின் பின்பகுதியிலும் வாலிலும் கரிய குறுக்குக் கோடுகள் தென்படும். நல்ல பாம்புக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம். உதட்டில் அத்தகைய கோடுகள் வரிசையாக இரா. மூலையில் மாட்டிக்கொண்ட சாரை கழுத்தை உப்பி உறுமும், கடிக்கவும் செய்யும். கடித்தால் இரத்தம் வரும், நஞ்சு இல்லை.

சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் பெண், இரண்டும் பின்னிப் பிணைகின்றன என்று ஊர்தோறும் சொல்கிறார்கள். இது முற்றிலும் தவறு. இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நாம் பார்க்கும் அந்தப் 'பிணைதல்' பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் நடத்தும் மல்யுத்தம்! ஒன்றையொன்று முறுக்கி, தலையை உயர்த்தி, எதிரியைத் தரையில் அழுத்த முயலும். கடித்துக்கொள்வதில்லை. வென்றது நிற்கும், தோற்றது போய்விடும். நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் சிலவற்றைவிட நாகரிகமான ஏற்பாடு!

மாட்டின் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பால் குடிக்கும் என்பதும் கதையே. பாம்பின் வாயமைப்பில் உறிஞ்சுவதற்கு வழியில்லை; ஊசிபோன்ற அதன் பற்கள் மடியில் பட்டால் மாடு உதைக்காமல் நிற்குமா என்பதையும் யோசிக்கலாம். சாரை தேடுவது எலியை. எலி வளைக்குள் பூனை நுழைய முடியாது, சாரை நுழையும். வளைக்குள் இருக்கும் குட்டிகளையும் சேர்த்துத் தின்றுவிட்டு வரும். அறுவடைக் காலத்தில் எலி மருந்துக்குச் செலவழிக்கும் விவசாயி, அதே வாரத்தில் சாரையை அடித்து வேப்ப மரத்தில் தொங்கவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மண்ணுளியும் ஏமாந்த மனிதர்களும்

மண்ணுளிப் பாம்பின் வால் மழுங்கி, தலையைப் போலவே தோன்றும். அதனால் இருதலைப் பாம்பு என்ற பெயர். ஆறு மாதம் ஒரு பக்கமும் ஆறு மாதம் மறு பக்கமும் போகும் என்று சிறுவயதில் எனக்கும் சொன்னார்கள். அதற்கு ஒரே தலைதான். எதிரி வந்தால் தலையை உடலுக்கடியில் மறைத்து வாலை நீட்டிக் காட்டும். அடி வாலில் விழட்டும் என்ற தந்திரம். மண்ணுக்குள் வாழ்ந்து எலியைப் பிடித்து இறுக்கிக் கொல்லும். நஞ்சு கிடையாது.

இந்த அப்பாவிப் பிராணியை வைத்து நடக்கும் மோசடியைச் சொல்லாமல் போக முடியாது. வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும், தீராத நோய்க்கு மருந்தாகும், வெளிநாட்டில் பல இலட்சத்திற்கு விலை போகும் என்றெல்லாம் சொல்லி முன்பணம் பறிக்கும் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் பிடிபட்டிருக்கின்றன. வாங்கியவரும் விற்றவரும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றவாளிகள். உழைத்துச் சேர்த்த பணத்தை ஒரு பாம்பின் மேல் வைக்கும் மடமையை என்னென்பது!

மண்ணுளியில் இன்னொரு வகை உண்டு. முதுகில் கரும்பழுப்புத் திட்டுகளோடு, குட்டையாகத் தடித்து, சொரசொரப்பான வாலுடன் இருக்கும். இதைக் கண்ணாடி விரியன் என்று எண்ணி அடிப்பார்கள். அதனினும் கொடிது, கண்ணாடி விரியன் குட்டியை மண்ணுளி என்று எண்ணிக் கையில் எடுப்பார்கள். கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசை நீள்வட்டப் புள்ளிகள் ஓர் ஒழுங்கில் செல்லும், தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து நிற்கும், வால் மெல்லியது. சீண்டினால் குக்கர் ஆவி விடுவதுபோல் உரத்துச் சீறும். மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கற்றவை. தலைக்கும் கழுத்துக்கும் வேறுபாடு தெரியாது. கண் மிகச் சிறியது. ஆயினும், தடித்த, திட்டுகளுள்ள பாம்பு எதையும் தொடாதிருப்பதே அறிவு.

வேறு சில

கண்மாயிலும் கிணற்றிலும் மழைநீர் தேங்கிய பள்ளத்திலும் காணும் தண்ணீர்ப் பாம்புக்கு உடலெங்கும் சதுரங்கக் கட்டம்போல் புள்ளிகள். கண்ணிலிருந்து வாயை நோக்கி இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்வாக இறங்கும். இது கோபக்காரப் பாம்பு. கழுத்தைத் தட்டையாக்கிக் காட்டுவதால் நல்ல பாம்பென்று அஞ்சுவோர் உண்டு. கடிக்கத் தயங்காது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்றாலும், கடித்தது தண்ணீர்ப் பாம்புதான் என்று தெரியாத நிலையில் மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தின் உச்சியில் ஏறி, கடிபட்டவர் உடல் எரியும் புகையைப் பார்க்கும் என்பார்கள். மெலிந்த உடலும், முதுகில் வெண்கல நிறக் கோடும் கொண்ட அந்தப் பாம்பு மரமேறுவது பல்லியையும் தவளையையும் பிடிக்க. அதற்கு நஞ்சில்லை. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அதன் கூர்மூக்கைப் பார்த்துக் கட்டிய கதை. அதன் மெல்லிய நஞ்சு பல்லி, ஓணான்களுக்குத்தான் கேடு.

குளியலறை மூலையிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் மண்புழுபோல் நெளியும் கரிய சிறு உயிர் ஒன்றுண்டு. மண்புழுவுக்கு உடலில் வளையங்கள் இருக்கும்; இதற்கு வழவழப்பான செதில்கள். புழுப் பாம்பு என்று பெயர். காதுக்குள் நுழைந்துவிடும் என்று பெண்கள் உப்பைக் கொட்டுகிறார்கள். எறும்பு முட்டையும் கறையான் முட்டையும் தின்று வாழும் இதனால் மனிதனைக் கடிக்கவே இயலாது. இறைவனின் படைப்பில் ஒரு வியப்பு: இந்த இனத்தில் ஆண் இதுவரை கண்டறியப்படவில்லை; பெண்கள் மட்டுமே இருந்து, ஆணின்றி முட்டையிட்டு இனம் பெருக்குகின்றன. பூந்தொட்டி மண்ணோடு பயணம் செய்து உலகின் பல கண்டங்களிலும் குடியேறிவிட்டது.

கருவேலங்காடும் கற்குவியலும் நிறைந்த நம் பகுதியில் சுருட்டை விரியனுக்குப் பஞ்சமில்லை. சிறிய உருவம், விலாவில் நெளிந்தோடும் வெள்ளைக் கோடு, தலையில் பறவைக் காலடி போன்ற குறி, சீண்டினால் உடலை மடித்துச் செதில்களை உரசி எழுப்பும் மரம் அறுப்பது போன்ற ஒலி. இதைப்போலவே தோன்றும் பூனைப் பாம்பு நீண்டு மெலிந்தது, பெரிய கண்ணுடையது, செடியில் ஏறுவது. இவ்விரண்டையும் வாசகர்கள் பிரித்தறிய முயல வேண்டாம். கற்றவர்களே தடுமாறும் இடம் இது.

முக்கோணத் தலையுள்ளது மட்டுமே நச்சுப் பாம்பு என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமன்று. இரண்டு பல் தடம் இருந்தால் நஞ்சு, பல தடம் இருந்தால் நஞ்சில்லை என்ற கணக்கும் நம்பத் தக்கதன்று.

பட்டாசு ஆபீஸில் பாம்பு

இது எங்கள் வட்டாரத்திற்கே உரிய கவலை. மருந்து கலக்கும் அறையிலோ மருந்து செலுத்தும் அறையிலோ பாம்பு தென்பட்டால் என்ன செய்வது? அறைக்கு நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும், அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டும் என்ற விதியும் எதற்காக என்பதைத் தொழிலாளர்கள் அறிவார்கள். உராய்வுதான் அங்கே எமன். இரும்புக் கம்பியாலோ கடப்பாரையாலோ தரையில் ஓங்கி அடிப்பது, பதறி ஓடும்போது மருந்துத் தட்டைத் தட்டிவிடுவது, மண்ணெண்ணெய் ஊற்றித் தீ மூட்டிப் பாம்பை விரட்டுவது ஆகியவை பாம்பைவிடக் கொடியவை. பாம்பு நஞ்சுள்ளதா அற்றதா என்ற ஆராய்ச்சிக்கே அங்கு இடமில்லை. கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் வெளியேறி, மேற்பார்வையாளரிடம் சொல்லி, தீயணைப்பு நிலையத்தை அழைப்பதே வழி. தமிழ்நாடு தீயணைப்பு மீட்புப் பணித்துறையினர் பாம்பு பிடித்து அப்புறப்படுத்தவும் வருகிறார்கள். அறையைச் சுற்றியுள்ள புல்லையும் முள்ளையும் வெட்டி வைப்பது விபத்தின்போது தீ பரவாமலிருக்க மட்டுமன்றி, பாம்பு அண்டாமலிருக்கவும் உதவும்.

வீட்டில் குழாய் சுருட்டும் சகோதரிகள், சாக்குகளைத் தரையில் போடாமல் பலகை மேல் வைத்து, சுவருக்கும் சாக்குக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். எடுக்குமுன் சாக்கைக் கம்பால் தட்டுங்கள். இருட்டில் கொல்லைக்குப் போகும்போது டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

கடித்துவிட்டால்

2011ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று, 2005ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாகக் கணித்தது. அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் இறந்தது மருத்துவமனைக்கு வெளியே. 2020ஆம் ஆண்டில் வெளியான அதன் தொடர்ச்சி, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் 12 இலட்சம் பேர் என்றது. ஆண்டுக்குச் சராசரி 58,000. உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்ப மண்டல நோய்களுள் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு நவம்பரில், மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகப் பாம்புக்கடியை அறிவித்தது.

கடிபட்டவர் நடக்கவோ ஓடவோ கூடாது. கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் பலகை வைத்து அசையாமல் கட்டி, 108ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஏழாயிரம்பண்ணையார்க்குச் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி மூன்றும் எட்டும் தூரத்தில் உள்ளன. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை கொடுப்பது, மந்திரிப்பது எல்லாம் நேரத்தைக் கொல்பவை. சில, உறுப்பையே கொல்பவை.

பாம்பைத் தேடி அடித்து மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும் என்பார்கள். தேவையே இல்லை. நம் நாட்டில் தரப்படும் நச்சுமுறி மருந்து நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. மருத்துவர் பாம்பைப் பார்ப்பதில்லை. இரத்தம் உறைகிறதா, இமை சரிகிறதா என்று நோயாளியைப் பார்க்கிறார். தேடப் போனவரும் கடிபடுவதே மிச்சம்.

அந்த மருந்து கிடைப்பதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் மக்கள், தோல் வணிகம் தடைபட்டபின் வாழ்வு இழந்து நின்றார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் என்பார் துணைநிற்க, 1978ஆம் ஆண்டு மாமல்லபுரத்திற்கு அருகில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி அதன் இரத்தத்திலிருந்து நச்சுமுறி தயாராகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பள்ளிக்கூடப் படிப்பறியாத அறிஞர்கள்!

வீட்டுப் பாம்புகளைப் பற்றி நம் ஹதீஸ் நூல்களிலும் செய்தி உண்டு என்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். பாம்புகளைக் கண்டவிடமெல்லாம் கொன்றுவந்த இப்னு உமர் (ரலி) அவர்களிடம், வீடுகளில் வசிப்பவற்றைக் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூலுபாபா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். முதுகில் இரு கோடுகள் உடையதும் வால் குட்டையானதும் அதற்கு விலக்காகக் கூறப்படுகின்றன. இதன் விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டறிக. எல்லாப் பாம்பும் ஒன்றல்ல, பார்த்துப் பிரித்தறிய வேண்டும் என்பது மட்டும் என் போன்ற பாமரனுக்கும் விளங்குகிறது.

இவ்வாண்டு தை மாதம், ஒரு நாள் அதிகாலையில் என் கைப்பேசிக்குப் படம் ஒன்று வந்தது. தமக்கை வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பளபளக்கும் கரிய பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. படம் நல்ல தூரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் மருமகனின் செய்தியும் வந்து சேர்ந்தது: "கழுத்துப் பக்கம் கோடு இல்லை மாமா. வால் பக்கம் ரெண்டு ரெண்டா இருக்கு. கொல்லைக் கதவைச் சாத்திட்டோம். தீயணைப்புக்குப் போன் பண்ணியாச்சு."